தொண்ணூற்றைந்தாவது உடல்

கொலையைப் பற்றிய கதையொன்றைப் படித்து முடித்து, மன நிறைவோடு விளக்கை அணைத்து உறங்கச் செல்பவர் உலகெங்கும் எண்ணற்றோர். அவர்கள் கொடியவர் அல்லர். பெரும்பாலும் சாந்தமான மனத்தினர். அண்டை வீட்டாருக்குத் தீங்கு நினையாதவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குச் செல்பவரும் அவர்களுள் உளர். ஒரு மனிதன் மற்றொரு மனிதனின் உயிரைப் பறித்த செய்தி இவர்களுக்கு எவ்வாறு இளைப்பாறுதல் தருகிறது? இவ்வினாவை இலக்கியத் திறனாய்வாளர் மட்டுமன்றி, ஆன்ம நலம் பேணுவோரும் எழுப்பிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர் என்று நாம் கருதுகிறோம்.

ஆங்கில வாசகர் இத்தகைய கதைகளுக்குக் 'கோஸி' என்று பெயர் சூட்டியுள்ளனர். குளிர்காலத்தில் கணப்பின் அருகே, போர்வைக்குள் கிடைக்கும் கதகதப்பைக் குறிக்கும் சொல் அது. இக்கதைகளில் கொலை திரைக்குப் பின்னால் நிகழும். குருதி மிகுதியாகக் காட்டப்படாது. ஊர் சிறியதாக இருக்கும். துப்புத் துலக்குபவர் காவல் துறையைச் சேராத எளிய மனிதராக இருப்பார். முடிவில் குற்றவாளி இன்னார் என்பது புலப்படும். ஊர் தன் பழைய அமைதிக்குத் திரும்பும். இதே அமைப்பைப் பழங்காலத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் அது வரலாற்றுத் துப்பறியும் கதையாகிறது. அகதா கிறிஸ்டி 1944ஆம் ஆண்டிலேயே பண்டை எகிப்தைக் களமாகக் கொண்டு ஒரு கொலைப் புதினம் தந்தார். எனினும் இவ்வகையைத் தனிக் கிளையாகத் தழைக்கச் செய்தவர், எல்லிஸ் பீட்டர்ஸ் என்னும் புனைபெயரில் எழுதிய ஈடித் பார்ஜெட்டர் அம்மையாரே. பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் வரலாற்றுக் குற்றப் புதினங்களுக்கென 1999இல் ஏற்படுத்திய விருதுக்கு அவர் பெயரையே சூட்டியது.

அம்மையார் 1913இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்து 1995இல் மறைந்தார். இளமையில் மருந்துக் கடையொன்றில் உதவியாளராக இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றினார். செக் மொழி இலக்கியங்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1977இல் தொடங்கி 1994 வரை அவர் எழுதிய இருபது புதினங்களின் நாயகர் ஒரு கத்தோலிக்கத் துறவி. ஆகவேதான் இக்கதைகளை நம் பக்கங்களில் ஆராய்வது பொருத்தமாகிறது.

அத்துறவியின் பெயர் காட்ஃபேல். வேல்ஸ் நாட்டவர். முதலாம் சிலுவைப் போரில் வீரராகச் சென்று, அந்தியோக்கியாவையும் எருசலேமையும் கண்டு, கப்பலும் செலுத்தி, நாற்பது வயதைக் கடந்தபின் ஷ்ரூஸ்பரி நகரின் ஆசீர்வாதப்பர் மடத்தில் சேர்ந்தவர். புனித பேதுரு, புனித பவுல் பெயரால் 1083இல் நிறுவப்பெற்ற அம்மடம் கற்பனையன்று. 1540இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் அது மூடப்பட்டாலும், அதன் கோயிலின் ஒரு பகுதி ஆங்கிலிக்கன் பங்குக் கோயிலாக இன்றும் நிற்கிறது. அங்கே காட்ஃபேல் மூலிகைத் தோட்டம் வளர்க்கிறார், தைலம் வடிக்கிறார், நோயாளரைப் பார்க்கிறார். கதைகள் நிகழும் காலம் 1137 முதல் 1145 வரை. மன்னர் ஸ்டீபனும் பேரரசி மட்டில்டாவும் அரியணைக்காகப் போரிட்டு நாட்டைச் சிதைத்த காலம் அது.

இந்நூல்களை இனிமேல் படிக்க எண்ணுவோருக்கு ஒரு சொல். கதைகளின் முடிவைத் தொடாமல் அவற்றின் அறத்தை எடைபோட இயலாது. புதிரின் சுவை கெடக்கூடாது என்று எண்ணுவோர் நூல்களைப் படித்தபின் இக்கட்டுரைக்குத் திரும்பி வரலாம்.

வாசகர் சொல்லும் குறைகள்

இக்கதைகளைப் பற்றி வாசகரிடையே நிலவும் கருத்துகள் பலதிறத்தன. விரும்புவோர் மூலிகை மணத்தையும், மணியோசைக்கேற்ப நகரும் மடத்து நாளையும், பழங்காலத்தை வாழ்ந்து பார்த்த நிறைவையும் சொல்கின்றனர். விரும்பாதோர் சொல்லும் குறைகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, கொலை பொழுதுபோக்காகிறது என்பது. இறந்தவன் புதிருக்குத் தேவையான ஒரு பொருளாகச் சுருங்குகிறான். முதல் அதிகாரங்களில் விழுந்து, கடைசி அதிகாரத்தில் மறக்கப்படுகிறான். இரண்டாவது, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பது. ஏறக்குறைய ஒவ்வொரு நூலிலும் ஓர் இளம் காதலிணை, அவருள் ஒருவர் மீது பழி, துறவியின் பரிவு, இறுதியில் திருமணம். மூன்றாவது, காட்ஃபேல் பன்னிரண்டாம் நூற்றாண்டு அங்கி அணிந்த இருபதாம் நூற்றாண்டு மனிதர் என்பது. அவர் ஐயுறுகிறார், தடயம் தேடுகிறார், பிறர் குறைகளை எளிதில் பொறுக்கிறார். அக்காலத் துறவி இப்படி இருந்திருப்பாரா என்று கேட்கின்றனர்.

இரண்டாவது குறையை நாம் மறுக்கவில்லை. இருபது நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குச் சலிப்பு தோன்றுவது இயல்பே. துறவிகள் வீணே வெளியில் திரிய வேண்டாமென்று ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல் அறுபத்தாறாம் அதிகாரத்தில் எச்சரித்திருக்க, காட்ஃபேலுக்கு மட்டும் நோயாளரின் பெயரால் வாயிற்கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது என்று புன்னகைப்போரின் பக்கமும் நியாயம் உண்டு.

மூன்றாவது குறையில் பாதியே உண்மை. இங்கிலாந்தில் திடீர் மரணங்களை விசாரிக்கும் 'கரோனர்' பதவி 1194இல்தான் ஏற்பட்டது. குற்றத்தை நெருப்பாலும் நீராலும் சோதித்து அறியும் தெய்வச் சோதனைகளில் குருக்கள் பங்கெடுப்பதை நான்காம் இலாத்தரன் சங்கம் 1215இல்தான் தடை செய்தது. ஆகவே காட்ஃபேலின் முறை அவர் காலத்துக்கு முந்தியதே. ஆயினும் அவருடைய மனம் அக்காலத்துக்கு முற்றிலும் அந்நியமன்று. அதே ஆண்டுகளில்தான் பிரான்சில் பீட்டர் அபெலார்டு, பாவத்தின் வேர் செயலைக் காட்டிலும் உள்ளத்தின் இசைவில் இருக்கிறது என்று தம் அறநூலில் வாதிட்டார். மனிதனின் உள்நோக்கத்தைத் துருவிப் பார்க்கும் பழக்கம் அந்நூற்றாண்டுக்குத் தெரியாததன்று.

எஞ்சி நிற்பது முதற்குறை. அதுவே கனமானது. இறந்தவன் உண்மையாகவே மறக்கப்படுகிறானா?

எண்ணப்பட்ட உடல்கள்

1138ஆம் ஆண்டில் மன்னர் ஸ்டீபன் ஷ்ரூஸ்பரிக் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். எதிர்த்து நின்றோரைத் தூக்கிலிட்டார். இது வரலாறு. இதை எழுதி வைத்தவர் ஆர்டெரிக் வித்தாலிஸ் என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. ஷ்ரூஸ்பரிக்கு அருகில் பிறந்து, சிறுவயதிலேயே நார்மண்டி நாட்டு மடத்துக்கு அனுப்பப்பட்டவர். கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு, தம் பிறந்த மண்ணில் தூக்கிலிடப்பட்டோரின் தொகையை அவர் குறித்தார்: ஆர்னுல்ஃப் என்னும் தலைவரும் அவரோடு ஏறத்தாழ 93 பேரும்.

இந்த எண்ணிக்கையிலிருந்துதான் 1979இல் வெளிவந்த 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி' என்னும் புதினம் பிறக்கிறது. 'ஓர் உடல் மிகுதி' என்று பெயரைத் தமிழாக்கலாம். தூக்கிலிடப்பட்ட 94 பேரையும் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய மடம் அனுமதி பெறுகிறது. காட்ஃபேல் உடல்களைக் கழுவி, வரிசைப்படுத்தி, எண்ணுகிறார். 95 உடல்கள் இருக்கின்றன. மன்னரின் ஆணைக்குள் மறைத்துவிட்டால் யாரும் தேடமாட்டார்கள் என்று எண்ணி, எவனோ ஒருவன் தான் கொன்ற இளைஞனின் உடலை அக்குவியலில் எறிந்திருக்கிறான்.

கொலையாளியின் கணக்கு உலகியல் அறிவின்படி சரியானதே. 94 பேர் செத்துக் கிடக்கும் இடத்தில் இன்னொருவனைப் பற்றி யாருக்குக் கவலை? போர்களும் கலவரங்களும் நடக்கும் இடங்களிலெல்லாம் இந்தக் கணக்கு இன்றும் போடப்படுகிறது. எண்ணிக்கை கூடும்போது பெயர்கள் உதிர்ந்து விடுகின்றன. அதை மறுத்து, ஒவ்வோர் உடலையும் தனித்தனியே தொட்டுத் துடைத்த ஒருவராலேதான் உண்மை வெளிப்படுகிறது. பிறருக்குத் தெரியாத தந்திரம் எதுவும் அவரிடம் இல்லை. இறந்தோரை அடக்கம் செய்தல் என்னும், நாம் சிறுவயதில் மறைக்கல்வியில் கற்ற இரக்கச் செயல்தான் இங்கே துப்புத் துலக்கும் முறையாகிறது.

அதே காட்சியில் எலீன் என்னும் இளம்பெண் உதவிக்கு வருகிறாள். கிடக்கும் உடல்களிடையே தன் சொந்தச் சகோதரனையே காண்கிறாள். சட்டப்படி கொல்லப்பட்டவனுக்கும் அழுவதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்பதை அம்மையார் ஓங்கிய குரலில் சொல்லவில்லை, காட்டிவிட்டு நகர்கிறார். கொலை இங்கே பொழுதுபோக்காகி விட்டது என்று சொல்வோர் இப்பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். எல்லா இதமான கொலைக்கதைகளுக்கும் இவ்விடை பொருந்தாது. பிணத்தைப் புதிரின் முதல் கட்டமாக மட்டும் கையாளும் நூல்கள் ஏராளம் உள. ஆயினும் வகையைக் கொண்டு நூலை எடைபோடுவது நேர்மையாகாது.

தண்டிக்கும் கையில்லாத தேடல்

தொழில்முறையில் அல்லாது ஈடுபடுபவரைக் குறிக்கும் 'அமெச்சூர்' என்னும் சொல், அன்பு செய்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லினின்று பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. ஊதியத்துக்காகவோ ஆணைக்காகவோ அன்றி, அன்பினால் ஒன்றைச் செய்பவர் என்பதே அதன் ஆதிப்பொருள். வாசகர் காவல் அதிகாரியைவிட இத்தகைய எளிய துப்பறிவாளரை மிகுதியாக நேசிப்பதன் காரணம் இச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

நம் விவிலியத்திலும் அத்தகைய ஒருவர் இருக்கிறார். தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இரண்டு முதியோரின் பொய்ச் சாட்சியால் சாவுக்கு அனுப்பப்படும் சூசன்னாவைக் காப்பாற்ற, தானியேல் என்னும் இளைஞர் கூட்டத்தின் நடுவிலிருந்து குரல் எழுப்புகிறார். சாட்சிகளைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள் என்று வினவுகிறார். விடைகள் முரண்படுகின்றன, பொய் உடைகிறது. ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் 1928இல் தொகுத்த துப்பறியும் கதைத் திரட்டில் இவ்வரலாற்றையும் சேர்த்தது காரணமின்றியன்று. ஆனால் அக்கதையின் முடிவு நினைவிருக்கட்டும். பொய்யர் இருவரும் கொல்லப்படுகின்றனர். உண்மை வெளிப்பட்ட கணமே தண்டனையும் நிறைவேறி விடுகிறது.

தொடக்க நூலின் நான்காம் அதிகாரமோ வேறு வழி காட்டுகிறது. முதற்கொலையை விசாரிப்பவர் கடவுளே. சகோதரன் எங்கே என்று காயினைக் கேட்கிறார். மண்ணிலிருந்து எழும் குருதியின் குரலைச் சுட்டிக் காட்டுகிறார். குற்றம் ஐயமற வெளிப்படுகிறது. ஆயினும் காயின் கொல்லப்படவில்லை. நிலத்தைவிட்டுத் துரத்தப்படுகிறான், அவனை எவரும் கொல்லாதபடி அவன்மீது ஓர் அடையாளமும் இடப்படுகிறது. உண்மை முழுமையாக வெளிப்பட வேண்டும். ஆனால் அது கொலையாளியின் உயிரைக் கேட்க வேண்டியதில்லை.

காட்ஃபேல் கதைகள் தம் சிறந்த இடங்களில் காயின் வரலாற்றின் வழியே நடக்கின்றன. 1980இல் வெளிவந்து, அவ்வாண்டின் வெள்ளிக் குத்துவாள் விருதைப் பெற்ற 'மங்க்ஸ் ஹூட்' அதற்குச் சான்று. மூட்டுவலிக்குத் தேய்ப்பதற்காகக் காட்ஃபேல் தம் கையாலேயே வடித்த தைலம் ஒரு மனிதரின் உணவில் கலக்கப்பட்டு அவரைக் கொல்கிறது. நம் நாட்டு மருத்துவர் வசநாவி என்று அழைக்கும் நச்சுச் செடியின் இனத்தைச் சேர்ந்தது அத்தைலத்தின் மூலிகை. மருந்துக் கடையில் பணிபுரிந்த அம்மையாருக்கு, ஒரே புட்டி நலமும் நஞ்சும் ஆகும் என்பது ஏட்டறிவன்று. பழி, பதினைந்து வயதும் நிரம்பாத ஒரு சிறுவன் மீது விழுகிறது. உண்மையான கொலையாளியோ, இறந்தவரின் திருமணத்துக்குப் புறம்பான மகன். வேல்ஸ் நாட்டுச் சட்டம் அத்தகைய மகனுக்கும் நிலத்தில் உரிமை தரும். இங்கிலாந்தின் சட்டம் தராது. அந்த நிலத்தின் மீதுள்ள ஏக்கமே அவனைக் கொலைக்குத் தள்ளுகிறது.

இறுதியில் அவன் இரவில் கத்தியோடு காட்ஃபேலிடம் வருகிறான். ஆனால் பயன்படுத்த முடியாமல் உடைந்து போகிறான். காட்ஃபேல் அவனை அரசின் கையில் ஒப்படைக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறுவன் மீதான பழியைத் துடைக்க வேண்டும். அதன்பின் நெடுங்காலம் உயிர் வாழ்ந்து, பிறருக்கு நன்மை செய்து தீர்க்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு தவத்தை விதித்து அனுப்பிவிடுகிறார்.

இந்த முடிவு பல வாசகரை உறுத்தியுள்ளது. கொலையாளி தப்பிவிட்டான் என்று அவர்கள் குமுறுகின்றனர். இறந்தவரின் மனைவி என்ன ஆவார், சட்டம் என்ன ஆகும் என்கின்றனர். இக்கேள்விகளைத் தள்ளிவிட முடியாது. இறையியல் பயின்ற நமக்கு மற்றொன்றும் தோன்றுகிறது: காட்ஃபேல் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். அவர் விதித்தது ஒப்புரவு அருட்சாதனத்தின் பரிகாரம் ஆகாது. பாவமன்னிப்பு வழங்க அவருக்கு அதிகாரமில்லை. அவர் தந்தது ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குத் தரக்கூடிய காலம் மட்டுமே.

ஆனால் அந்தக் காலம் சிறியதா? 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்று அறிவித்தார். எத்தனை கொடிய குற்றம் செய்தவனும் தன் மனித மாண்பை இழப்பதில்லை என்பது அதன் அடிப்படை. இப்போதனை நம் பங்குகளில் எளிதாக ஏற்கப்படுகிறது என்று சொல்வதற்கில்லை. கொடுமையான கொலைச் செய்தி ஒன்று நாளேட்டில் வந்த மறுநாள், உடனே தூக்கிலிட வேண்டும் என்னும் குரல் திருப்பலி முடிந்து வாசலில் நிற்போரிடமிருந்தே எழக் கேட்கிறோம். அவர்களிடம் திருச்சபையின் ஏட்டை நீட்டுவதற்கு முன், இக்கதையைப் படிக்கக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. பழியுற்ற சிறுவன் விடுபட வேண்டும் என்னும் கவலையும், கொன்றவன் திருந்த வேண்டும் என்னும் கவலையும் ஒரே மனத்தில் குடியிருக்க முடியும் என்பதை அது காட்டும்.

எலும்புகளும் ஒரு பொய்யும்

புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வு ஆகாது. முதல் புதினமான 'எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்' நம்மை மகிழ்விக்கும் அளவுக்கு உறுத்தவும் செய்கிறது.

ஷ்ரூஸ்பரி மடத்துத் துறவிகள் வேல்ஸ் நாட்டின் குவிதெரின் என்னும் சிற்றூரிலிருந்து புனித வினிஃபிரெட்டின் திருப்பண்டங்களைத் தம் மடத்துக்குக் கொண்டுவந்தது வரலாற்றில் நிகழ்ந்தது. அதை முன்னின்று நடத்திய துணைத்தலைவர் இராபர்ட்டு அதைப் பற்றி எழுதியும் வைத்தார். புதினத்தில், ஊரார் சார்பில் எதிர்ப்புத் தெரிவிக்கும் பெருநிலக்கிழார் ஒருவருக்கு இராபர்ட்டு பணம் கொடுக்கப் பார்க்கிறார். பின்னர் அந்நிலக்கிழார் கொல்லப்படுகிறார். கொன்றவன், காட்சிகள் காண்பதாகப் பேர்பெற்ற ஓர் இளந்துறவி. அவனும் எதிர்பாராமல் இறந்துபோக, காட்ஃபேல் புனிதையின் எலும்புகளை அவருடைய கல்லறையிலேயே மீண்டும் அடக்கம் செய்துவிட்டு, இளந்துறவியின் உடலைப் பேழைக்குள் வைத்து முத்திரையிடுகிறார். மடத்தார் அதை மகிழ்ச்சியோடு சுமந்து செல்கின்றனர்.

திருச்சபை இகழப்படுகிறது என்று இதனால் மனம் நோகும் நம் மக்களிடம் நாம் சொல்ல விரும்புவது இது: இகழப்படுவது மடத்தின் பேராசையே. திருப்பண்டங்கள் கிடைத்தால் யாத்திரிகர் வருவர், காணிக்கை பெருகும் என்னும் கணக்கைத் திருச்சபையும் ஏற்பதில்லை. திருப்பண்டங்களை விற்பது முறையற்றது என்று இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் எண் தெளிவாகவே கூறுகிறது. ஒரு சிற்றூர் ஏழைகள் தம் புனிதையைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்புவதும், பெருமடம் ஒன்று அவரைப் பறித்துக்கொள்வதும் எதிரெதிரே நிற்கும்போது, அம்மையாரின் அனுதாபம் ஏழைகளின் பக்கம் சாய்கிறது. அதில் பிழை காண்பதற்கில்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. உண்மையைத் தேடுவதே தொழிலாக அமைந்த நாயகர், இங்கே ஒரு பொய்யைக் கட்டியெழுப்பிப் பல ஆண்டுகள் காத்து வருகிறார். தம் உடன் சகோதரரும், தொலைவிலிருந்து நொண்டி நொண்டி வரும் எளியோரும் ஒரு கொலையாளியின் உடல் முன் முழந்தாளிட அவர் இடம் தருகிறார். நற்பயன் கருதியும் பொய் சொல்லலாகாது என்று புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றியே இரு நூல்கள் எழுதினார். புனித தோமா அக்குவினாரும் அவ்வழியே நின்றார். அத்தனை கடுமை வேண்டாம் என்று ஒருவர் வாதிடலாம். அப்படியே கொண்டாலும், ஏமாற்றப்படுவோரின் வழிபாடு அல்லவா இங்கே பணயம் வைக்கப்படுகிறது? வாசகர் புன்னகையோடு இதை ஏற்றுக்கொள்வது, நாயகர் மீதுள்ள அன்பினாலேயே. இதமான கதையின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு. நமக்குப் பிடித்தவர் செய்தால் பொய்யும் நகைச்சுவையாகிவிடுகிறது.

அம்மையாரும் இவ்வுறுத்தலை உணர்ந்திருக்க வேண்டும். 1984இல் வெளிவந்த 'தி பில்கிரிம் ஆஃப் ஹேட்' என்னும் புதினத்தில், கால் ஊனமுற்ற இளைஞன் ஒருவன் அதே பேழையின் முன் குணமடைகிறான். எலும்புகள் அங்கே இல்லை. அருள் மட்டும் வந்துவிட்டது. காட்ஃபேல் திகைத்து நிற்கிறார். இறையருள் மனிதரின் தந்திரத்தாலும் தடைபடுவதில்லை என்பது நல்ல இறையியலே. ஆனால் அருள் தடைபடவில்லை என்பதால் தந்திரம் நல்லதாகிவிடாது. இவ்விரண்டையும் பிரித்துக் காணும் பொறுப்பை ஆசிரியர் வாசகரிடமே விட்டுவிடுகிறார்.

வெறுக்கப்பட்ட மேய்ப்பர்

பங்குப் பணியில் இருப்போர் அமைதியாகப் படிக்க முடியாத நூலொன்று இவ்வரிசையில் உண்டு. 1986இல் வெளிவந்த 'தி ரேவன் இன் த ஃபோர்கேட்' என்பது அது.

மடத்தை ஒட்டிய பங்குக்குப் புதிய பங்குத்தந்தையாக ஐல்நோத் என்பவர் வருகிறார். ஆயர் ஒருவரின் பரிந்துரையோடு வந்தவர். கல்வியில் குறைவில்லை, ஒழுக்கத்தில் மாசில்லை, செபத்தில் தவறுவதில்லை. சாகும் நிலையில் இருந்த பச்சிளங்குழந்தைக்குத் திருமுழுக்குத் தர அழைத்தபோது, தம் செபத்தை இடைநிறுத்த அவர் மறுத்தார், குழந்தை இறந்தது, திருமுழுக்குப் பெறாததால் அர்ச்சிக்கப்பட்ட நிலத்தில் இடமும் மறுக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வீழ்ந்து, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டு வந்த ஓர் ஏழைப் பெண்ணுக்குப் பாவமன்னிப்பு மறுத்துக் கோயில் கதவை அடைத்தார். அவள் நீரில் பிணமாகக் கிடந்தாள். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய இரவில் அவரும் அதே ஆலைக்குளத்தில் பிணமாக மிதக்கிறார்.

எவரும் அழவில்லை. ஊரில் ஐயத்துக்கு இடமில்லாதவர் எவருமில்லை. இறுதியில் வெளிப்படும் உண்மை வியப்பானது. யாரும் அவரைத் தள்ளிவிடவில்லை. தலையில் அடிபட்டு நீரில் விழுந்தவரைக் கண்ட கோயில் பணியாளர், கை நீட்டாமல் அகன்று போயிருக்கிறார். இறந்த பெண்ணின் மீது அவர் மனத்தில் சொல்லாத அன்பு இருந்தது. அவளுக்கு மறுக்கப்பட்ட உதவியை அவரும் மறுத்துவிட்டார்.

இக்கதை நம்மிடம் இரு பக்கமும் கூர்மையான கேள்வியைக் கேட்கிறது. ஐல்நோத் சட்டத்தின் எந்த வரியையும் மீறவில்லை என்றே எண்ணியிருந்தார். மேய்ப்பரிடம் எல்லாம் இருந்து இரக்கம் மட்டும் இல்லாதபோது, அவருடைய நேர்மையே மக்களைக் கொல்லும் கருவியாகிறது. குருக்களாகிய நாம் இதை எளிதில் கடந்துபோக முடியாது. ஆனால் மக்களுக்கும் இதில் பங்குண்டு. தீயவர் என்று நாம் தீர்மானித்த ஒருவர் மூழ்கும்போது நம் கை நீளுமா? வாசகரில் பலர், ஐல்நோத் செத்தது நல்லதே என்று புத்தகத்தை மூடுகின்றனர். அவ்வாறு மூடுபவர் அந்தக் குளக்கரையிலிருந்து திரும்பி நடந்தவரோடு சேர்ந்து நடக்கிறார். அவரை அங்கே நடத்திச் சென்று நிறுத்துவதுதான் இந்நூலின் வலிமை. இதம் தேடி வந்தவர் இதத்தோடு சேர்த்து ஒரு மனச்சோதனையையும் பெற்றுச் செல்கிறார்.

கடைசி நூல்

இருபதாவது நூலான 'பிரதர் காட்ஃபேல்ஸ் பெனன்ஸ்' 1994இல், ஆசிரியர் மறைவதற்கு முந்திய ஆண்டில் வந்தது. துறவறத்துக்கு முன் அந்தியோக்கியாவில் பிறந்த தம் மகன் சிறைப்பட்டிருப்பதை அறிந்த காட்ஃபேல், மடாதிபதி அனுமதித்த எல்லையைக் கடந்து, வாக்கை மீறி, மகனைத் தேடிச் செல்கிறார். மகனைக் காக்கிறார். பின்னர் தாமாகவே திரும்பி வந்து, கோயிலின் தரையில் குப்புற விழுந்து கிடக்கிறார். பத்தொன்பது நூல்களில் பிறரின் குற்றத்தை ஆராய்ந்தவர், இருபதாவதில் தம் குற்றத்தோடு தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார். அவர் பிறருக்குக் கொடுத்த இரக்கத்தை இப்போது அவரே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. மடாதிபதி அவரை எழச் சொல்லிச் சகோதரரோடு சேர்த்துக்கொள்கிறார். மடத்தைவிட்டுச் சென்றவன் திருந்தி வந்தால் மூன்றாம் முறை வரையிலும் ஏற்கலாம் என்று ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல் இருபத்தொன்பதாம் அதிகாரத்தில் இடம் தந்திருக்கிறது. மடாதிபதியின் கனிவு அவ்வொழுங்குக்குப் புறம்பானதன்று.

காட்ஃபேல் கதைகள் பேரிலக்கியம் என்று நாம் சாதிக்க வரவில்லை. அவற்றின் மொழி சில இடங்களில் மிகையாக அலங்கரிக்கப்பட்டது. காதலர் ஒருவரையொருவர் ஒத்திருக்கின்றனர். நல்லோர் பெரும்பாலும் அழகராகவும் இருக்கின்றனர். ஆயினும் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவை ஒரு விடை தருகின்றன. கொலைக் கதை தரும் இளைப்பாறுதல் இருவகைப்படும். குற்றவாளி வேறொருவன், நாம் அல்லோம் என்ற நிம்மதி ஒன்று. இறந்தவன் எண்ணப்படுகிறான், கொன்றவனும் கைவிடப்படுவதில்லை என்ற ஆறுதல் மற்றொன்று. முன்னையது உறக்கத்துக்கு உதவும். பின்னையதைப் படித்தவர் மறுநாள் காலை தம் அண்டை வீட்டாரைச் சற்று வேறு கண்ணோடு பார்க்கக் கூடும்.

புதிதாகப் படிக்க விரும்புவோர் முதல் நூலில் தொடங்க வேண்டுமென்பதில்லை. 95 உடல்களின் கதையிலிருந்து தொடங்கலாம். காட்ஃபேல் எண்ணி முடித்து, மீண்டும் ஒருமுறை எண்ணும் அந்த இடத்தில் சற்று நின்று, நாளேட்டில் எண்ணிக்கையாக மட்டும் நாம் படித்துக் கடந்த சாவுகளை நினைத்துக்கொண்டு, பிறகு பக்கத்தைப் புரட்டினால் போதும்.